முதலில் ஒருவர், பிறகு குடும்பம்

வாசகர் கேள்வி – பதில்: வீட்டுக் கணக்கு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டு வேலையைப் பற்றியவை. முலுண்டிலிருந்து வந்த முதல் கடிதம் மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் நிலையைச் சொல்வதால் பக்கத்தின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் கணவருக்குத் துபாயில் மாதம் 18,000 திர்ஹாம் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் 20 அன்று கிளம்ப வேண்டும். நான் இங்கே தனியார் பள்ளியில் ஆசிரியை. மகள் ஏழாம் வகுப்பிலும் மகன் மூன்றாம் வகுப்பிலும் சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கிறார்கள். எங்கள் இருவர் பெயரிலும் உள்ள ஃபிளாட்டுக்கு மாதம் 42,000 ரூபாய் கடன் தவணை போகிறது. 71 வயது மாமியார் எங்களோடு இருக்கிறார். நாங்கள் கிளம்பினால் அம்பர்நாத்தில் கொழுந்தனார் வீட்டுக்குப் போய்விடுவார். அவர் செலவுக்கு மாதம் 15,000 ரூபாய் அனுப்ப வேண்டும். இப்போது இருவர் சம்பளத்திலும் எல்லாம் போக மாதம் 35,000 ரூபாய் மிஞ்சுகிறது. எல்லோரும் ஒன்றாகவே போய்விடலாம் என்கிறார் கணவர். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எதை முதலில் செய்வது?
— வாசகி, முலுண்ட்

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. கணவர் ஆகஸ்டில் போகட்டும். நீங்களும் பிள்ளைகளும் மார்ச் இறுதி வரை முலுண்டிலேயே இருங்கள். ஏழு மாதப் பிரிவு எளிதல்ல என்பதை அறிந்தேதான் சொல்கிறேன்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டப்படி தகுதிகாண் காலம் அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் 14 நாள் எழுத்துமூல அறிவிப்பு கொடுத்து முதலாளி வேலையை முடித்துவிடலாம். ஆகஸ்டில் சேருகிறவருக்கு அந்தக் காலம் பிப்ரவரியில் முடிகிறது. அங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் நம் ஊரைப் போலவே ஏப்ரலில் திறக்கின்றன. ஆகவே நடு ஆண்டில் பிள்ளைகளைப் பிடுங்கி நட வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பதிவை சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பிலேயே செய்துவிடுவதால், உங்கள் மகள் எட்டாம் வகுப்பில் அங்கே போய்ச் சேருவது மிகவும் தோதான நேரம். நீங்களும் கல்வியாண்டை முடித்துவிட்டு, வேலையை விடாமல் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று பள்ளியில் கேட்டுப் பாருங்கள்.

கையில் வேண்டிய ரொக்கம் இன்னொரு காரணம். ஒன்றாகக் கிளம்பும் குடும்பங்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். துபாயில் வாடகையை மாதாமாதம் கொடுக்கும் வழக்கம் குறைவு; ஆண்டு வாடகையைச் சில செக்குகளாகப் பிரித்து, பின்தேதியிட்டு முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு 72,000 திர்ஹாம் வாடகையில் ஒரு வீடு, நான்கு செக் என்று வைத்துக்கொள்வோம். முதல் செக் 18,000. தளவாடம் இல்லாத வீட்டுக்கு முன்பணம் வழக்கமாக 5 சதவீதம், அதாவது 3,600. தரகு இன்னொரு 5 சதவீதம், 3,600. அதன் மேல் மதிப்புக் கூட்டு வரி 180. மின்சார, குடிநீர் வாரியத்துக்குக் கட்டும் வைப்புத்தொகை 2,000. ஆக, வீட்டுச் சாவியை வாங்குவதற்கே 27,380 திர்ஹாம் வேண்டும். கணக்குக்காக ஒரு திர்ஹாமை 24 ரூபாய் என்று கொண்டால் இது ஆறரை லட்ச ரூபாய்க்கு மேல். கட்டில், ஃபிரிட்ஜ், பள்ளியின் முதல் தவணை, நால்வருக்கு விமானச் சீட்டு எல்லாம் இதில் சேரவில்லை. செக் புத்தகமோ, குடியிருப்பு விசாவும் எமிரேட்ஸ் அடையாள அட்டையும் கைக்கு வந்து வங்கிக் கணக்கு திறந்த பிறகே கிடைக்கும். அந்தச் செக்குகளில் ஒன்று திரும்பினால், அதை வைத்தே நேரடியாக நிறைவேற்று நீதிமன்றத்தை அணுகும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு.

கணவர் தனியாகப் போனால் கராமாவிலோ அல் குசைஸிலோ ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு ஆறு மாதம் ஓட்டிவிடலாம். அந்த ஆறு மாதச் சேமிப்பே மார்ச்சில் வீடு பிடிக்கும் பணமாகிவிடும். நகையை அடகு வைக்கவோ தனிநபர் கடன் வாங்கவோ வேண்டியிராது.

மாதக் கணக்கு இப்படி வரும். வாடகை 6,000. வாடகையில் 5 சதவீதத்தை வீட்டுக் கட்டணமாக மின்சாரப் பில்லோடு மாநகராட்சி வசூலிக்கும், அது மாதம் 300. மின்சாரம், தண்ணீர், குளிரூட்டல் 800. இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளி, பேருந்து 2,500. மளிகை, காய்கறி 2,000. போக்குவரத்து, தொலைபேசி 1,000. உங்கள் மூவருக்கும் மருத்துவக் காப்பீடு 500. ஊருக்கு வந்துபோக ஒதுக்க வேண்டியது 600. மொத்தம் 13,700. இவை நான் மதிப்பாக வைத்த தொகைகள். பள்ளிக் கட்டணம் மட்டும் பள்ளிக்குப் பள்ளி வெகுவாக மாறும். துபாயின் கல்வி ஆணையமான கே.எச்.டி.ஏ. ஒவ்வொரு பள்ளியின் தரமதிப்பீட்டையும் கட்டணத்தையும் வெளியிடுகிறது, அதைப் பார்த்து உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். துபாயில் ஊழியருக்குக் காப்பீடு எடுப்பதுதான் முதலாளியின் கடமை; மனைவி, பிள்ளைகளுக்கு எடுப்பது விசா பொறுப்பேற்கும் கணவரின் கடமை. நிறுவனம் குடும்பத்துக்கும் தருகிறதா என்று கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.

மிஞ்சுவது 4,300 திர்ஹாம், அதாவது 1,03,200 ரூபாய். அதில் வீட்டுத் தவணை 42,000, மாமியாருக்கு 15,000 போனால் 46,200. இப்போது மிஞ்சுவது 35,000. நான்கு லட்சத்துக்கு மேல் சம்பளம் என்று கேட்கப் பெரிதாக இருந்தாலும், உங்கள் சம்பளம் நின்று போவதால் உண்மையான கூடுதல் பதினோராயிரம்தான். முலுண்ட் ஃபிளாட்டை வாடகைக்கு விட்டால்தான் இந்த ஏற்பாடு பொருள் உள்ளதாகும். நீங்கள் அங்கே போய் வேலை தேடிக்கொண்டால் கணக்கே வேறு. கணவரின் பொறுப்பில் விசா பெற்றவரும் வேலை அனுமதி பெற்று அங்கே பணியாற்றலாம். ஆனால் கிடைக்காத சம்பளத்தை இன்றே கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வேலைக் கடிதத்தில் மொத்தச் சம்பளத்தைப் பார்க்கும் முன் அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம், அதற்குமேல் ஆண்டுக்கு 30 நாள் சம்பளம் என்று கணக்கிடப்படுகிறது. இரண்டுமே அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான். 18,000த்தில் அடிப்படை 9,000 என்றால் ஐந்தாண்டு முடிவில் 31,500 திர்ஹாம் வரும். அடிப்படை 12,000 என்றால் 42,000. வேலை இழப்புக் காப்பீடும் அப்படியே. 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட இந்தத் திட்டத்தில், தொடர்ந்து பன்னிரண்டு மாதம் சந்தா கட்டியவருக்கு வேலை போனால் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், அதிகபட்சம் மூன்று மாதத்துக்குக் கிடைக்கும். அடிப்படை 16,000த்துக்குள் இருப்பவருக்குச் சந்தா மாதம் 5 திர்ஹாம்தான். படிகளில் கொஞ்சத்தைக் குறைத்து அடிப்படையில் சேர்க்கச் சொல்லிக் கேட்பதற்கு நேரம் இப்போதுதான். விமானம் ஏறிய பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள். அங்கு தொழிலாளர் அமைச்சகத்தில் பதிவாகும் ஒப்பந்தத்திலும் இதே எண்கள் இருக்கின்றனவா என்று கையெழுத்திடும் முன் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வரிக்கும் வங்கிக்கும் வருகிறேன். இவை இரண்டும் வெவ்வேறு சட்டங்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபெமா எனப்படும் 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்தே உங்கள் கணவர் வெளிநாட்டில் வாழ்பவர். வருமான வரிச் சட்டமோ நாளை எண்ணும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற குழப்பத்துக்குப் பதிலாக வரி ஆண்டு என்ற ஒரே சொல்லைக் கொண்டுவந்திருந்தாலும், இந்த எண்ணிக்கை பழையபடியேதான். வேலைக்காக வெளியேறும் இந்தியக் குடிமகன் அந்த வரி ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக இங்கே இருந்தால் அவருடைய துபாய்ச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை, கிளம்பும் நாளையும் சேர்த்து, 142 நாள். மார்ச் 31க்குள் அவர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போவதற்கு மீதமிருப்பது 39 நாள் என்று நாட்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள். விசா தாமதமாகிப் பயணம் செப்டம்பர் 28ஐத் தாண்டினால் அந்த ஆண்டு முழுவதும் அவர் இங்கே வசிப்பவராகி, துபாயில் வாங்கிய சம்பளமும் இந்திய வரிக் கணக்கில் சேரும். அங்கே வரியே இல்லாததால் கழித்துக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. தேதி தள்ளிப்போகும் போலிருந்தால் நிறுவனத்திடம் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

நீங்கள் மார்ச் வரை இருப்பதால் இந்த ஆண்டு இரண்டு சட்டங்களின்படியும் இங்கே வசிப்பவர்தான். ஒரே வீட்டில் கணவர் ஒரு தகுதியிலும் மனைவி வேறு தகுதியிலும் இருப்பார்கள்; வங்கி மேலாளர்களே சில வேளை இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கணவரின் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழ்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். பழைய கணக்கையே சத்தமில்லாமல் தொடர்வது சட்டமீறல். வீட்டு வாடகை, டிவிடெண்ட் போன்ற இந்திய வருமானம் அதில் விழும். அதன் வட்டிக்கு 30 சதவீத வரியும் மேல்வரியும் பிடிப்பார்கள். துபாயிலிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வரியில்லை, பணத்தைத் தடையின்றித் திரும்பவும் வெளியே கொண்டுபோகலாம். அதில் வைப்பு வைத்தால் ஓராண்டுக்கு முன் உடைக்காதீர்கள், வட்டியே கிடைக்காது. நீங்கள் இருவரும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கை அவர் பெயரில் என்.ஆர்.ஓ. ஆக்கும்போது, உங்களைப் பெயரளவில்தான் இணைத்துக்கொள்வார்கள். அவர் இருக்கும்வரை பவர் ஆஃப் அட்டர்னி இல்லாமல் நீங்கள் அதை இயக்க முடியாது. ஆகவே வீட்டுச் செலவுக்கு உங்கள் பெயரில் தனிக் கணக்கு இப்போதே இருக்கட்டும். வீட்டுத் தவணை எந்தக் கணக்கிலிருந்து தானாகப் பிடிபடுகிறது என்று பார்த்து, மாற்றிய முதல் மாதம் தவணை உண்மையிலேயே போனதா என்பதைப் பாஸ் புத்தகத்தில் உறுதி செய்யுங்கள்.

சிம் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மாட்டுங்காவில் வங்கிப் பணியில் இருந்தபோது, மஸ்கட் போன ஒருவரின் மனைவி, கணவரின் பழைய சிம்மை அடுப்படி அலமாரியில் பெருங்காய டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். ரீசார்ஜ் செய்யவில்லை. எட்டு மாதம் கழித்து அந்த எண் வேறொருவருக்குப் போய்விட்டது. அந்தப் புதிய மனிதர் நல்லவராக இருந்ததால், தனக்கு வந்துகொண்டிருந்த ஓ.டி.பி.க்களைப் பற்றி வங்கிக்கு அவரே சொன்னார். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று நம்ப முடியாது. ஆதார், பான், வங்கி, வருங்கால வைப்பு நிதி நான்கும் தொங்குவது அந்த ஒரு எண்ணில்தான். வெளிநாட்டில் குறுஞ்செய்தி வரும்படியான திட்டத்தில் அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

ஃபிளாட்டை ஏப்ரலிலிருந்து வாடகைக்கு விடுங்கள். மகாராஷ்டிரத்தில் லீவ் அண்ட் லைசென்ஸ் எனப்படும் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவு செய்வது கட்டாயம். காவல் நிலையத்தில் குடியிருப்போர் விவரமும் தர வேண்டும். நீங்கள் இங்கே இருக்கும்போதே மார்ச்சில் பதிவை முடித்துவிட, கணவர் தம் பங்குக்குக் கையெழுத்திட உங்களுக்குப் பவர் கொடுத்துவிட்டுப் போகட்டும். உரிமையாளர் குடியிராத வீட்டுக்குச் சொசைட்டி கேட்கும் ‘நான்-ஆக்குபன்சி’ கட்டணம் பராமரிப்பின் சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது மாநில அரசின் உத்தரவு. அதற்கு மேல் கேட்டால் உத்தரவைக் காட்டுங்கள். ஏப்ரலில் நீங்களும் வெளிநாட்டில் இருப்பீர்கள் என்பதால், முழு வாடகையிலும் குடியிருப்பவர் 31.2 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். மாதம் 38,000 வாடகை என்றால் கைக்கு வருவது 26,144. பிடித்தது போய்விட்ட பணமல்ல. சொத்து வரி, 30 சதவீத நிலைக் கழிவு, கடன் வட்டி ஆகியவற்றைக் கழித்துக் கணக்குத் தாக்கல் செய்தால் பெரும்பகுதி திரும்பி வரும். வருமான வரித் துறையிடம் முன்பே குறைந்த பிடித்தச் சான்று வாங்கிவிட்டால் காத்திருக்கவும் வேண்டாம். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

மாமியாரின் மருத்துவக் காப்பீடு உங்கள் கடிதத்தில் இல்லை. எனக்கு அதுதான் முதல் கவலை. இப்போது அவர் உங்கள் கணவரின் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இருந்தால், கணவர் வேலையை விடும் நாளோடு அது முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறும் வசதி உண்டா என்று ராஜினாமா கொடுக்கும் முன் கேளுங்கள். புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்பு இருக்கும். 2024 முதல் 65 வயதுக்கு மேற்பட்டவருக்கும் பாலிசி தர வழி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பிரீமியம் எவ்வளவு இருந்தாலும், 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பு பாராமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் அட்டையை அவருடைய ஆதாரைக் கொண்டு இந்த வாரமே எடுத்துவிடுங்கள். உங்கள் நால்வருக்கும் இங்கே ஒரு சிறிய பாலிசியைத் தொடர்வதும் நல்லது. திரும்பி வரும்போது காத்திருப்பை முதலிலிருந்து எண்ண வேண்டாம்.

சான்றிதழ்களுக்கு நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும். குடும்ப விசாவுக்குத் திருமணச் சான்றும் பிறப்புச் சான்றுகளும் மெய்யொப்பம் பெற்றிருக்க வேண்டும். முதலில் சான்று வழங்கிய மாநில அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், கடைசியாக அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்பது வரிசை. பிள்ளைகள் மும்பையில் பிறந்திருந்தால் அவர்கள் சான்று மகாராஷ்டிர அரசிடம் போகும். உங்கள் திருமணமோ கணவரின் பட்டமோ தமிழ்நாட்டில் என்றால் அவை சென்னைக்குப் போக வேண்டும். ஊர்க் கோயிலில் நடந்த திருமணத்துக்கு அழைப்பிதழும் தேவஸ்தான ரசீதும் மட்டுமே உள்ள குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அப்படியானால் திருமணம் நடந்த ஊரின் சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதே பதிந்துவிடுங்கள். பிள்ளைகளின் எல்.சி. எனப்படும் பள்ளி மாற்றுச் சான்றுக்குக் கல்வி அதிகாரியின் மேலொப்பம் எப்படி வாங்குவது என்று ஆசிரியையான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதைவிடப் பெரிய தொல்லை நம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டவர்களுக்கு, ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட் பற்றி அமீரகம் 2022 நவம்பரில் கொண்டுவந்த விதியால் நுழைவிலேயே சிக்கல் வந்தது. திருமணச் சான்றில் எஸ். மீனாட்சி, பாஸ்போர்ட்டில் மீனாட்சி சுந்தரம், மகனின் பிறப்புச் சான்றில் தாயார் பெயர் வெறும் மீனாட்சி என்று இருந்தால், மூன்றும் ஒருவரே என்று ஒவ்வொரு மேசையிலும் விளக்க வேண்டிவரும். நால்வரின் தாள்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, பெயர்களை எழுத்தெழுத்தாக ஒரு மாலையில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏழு மாத அவகாசம் இதற்கும் உதவும்.

மற்றவை சுருக்கமாக. பி.பி.எஃப். கணக்கு முதிரும் வரை தொடரலாம், ஆனால் முதிர்ந்த பின் நீட்டிக்க முடியாது. வெளிநாட்டில் வாழ்பவர் புதிதாகத் திறக்கவும் முடியாது. வருங்கால வைப்பு நிதியை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். பணி முடிந்த தேதியைப் பழைய நிறுவனம் பதிவேற்றிவிட்டதா என்று மட்டும் பாருங்கள். ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மியூச்சுவல் ஃபண்டுக்கும் நிலை மாற்றத்தைத் தெரிவியுங்கள். முதல் இரண்டு ஆண்டுக்குள் அங்கே நடக்கும் இந்திய வீட்டுமனைக் கண்காட்சிகளுக்குப் பிரியாணிக்காகக்கூடப் போக வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

கேள்வி: நாங்கள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் சென்ற ஆண்டு சிங்கப்பூர் போய்விட்டார். வாடகை 45,000 ரூபாயை அவர் கொடுத்த வங்கிக் கணக்குக்கு அனுப்பிவருகிறேன். அதில் நான் வரி பிடிக்க வேண்டும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையே?
— வாசகர், செம்பூர்

பதில்: நண்பர் சொல்வது சரி. உரிமையாளர் இங்கே வசிப்பவராக இருந்தால் மாத வாடகை 50,000த்தைத் தாண்டினால்தான் உங்களுக்குக் கடமை வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அத்தகைய வரம்பே இல்லை. முதல் ரூபாயிலிருந்து 31.2 சதவீதம். உங்கள் கணக்கில் மாதம் 14,040 பிடித்து, 30,960 அனுப்ப வேண்டும். இதற்கு நீங்கள் வரி பிடிப்பவருக்கான டேன் எண் வாங்கி, பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்டி, காலாண்டு அறிக்கை தாக்கல் செய்து, அவருக்குச் சான்றும் தர வேண்டும். ஒரு குடியிருப்பவரின் தலையில் இவ்வளவு எழுத்து வேலையைச் சட்டம் ஏற்றியிருப்பது எனக்கும் உடன்பாடில்லை; ஆனால் பிடிக்கத் தவறினால் வரியையும் வட்டியையும் துறை கேட்பது உங்களிடம்தான். அவர் சொல்லவில்லை என்பது உங்களைக் காப்பாற்றாது. வீடு கணவன், மனைவி இருவர் பெயரில் இருந்து ஒருவர் மட்டும் போயிருந்தால், போனவரின் பங்குக்கு மட்டும் இந்தப் பிடித்தம். அவருடைய நிலையையும் பான் எண்ணையும் மின்னஞ்சலில் எழுத்தாகக் கேளுங்கள், பணம் போகும் கணக்கு என்.ஆர்.ஓ. தானா என்றும் கேளுங்கள். கடந்த மாதங்களை ஒரு பட்டயக் கணக்காளர் மூலம் சரிசெய்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணன் மகன் எட்டாவது படித்தவன், வெல்டிங் தெரியும். அபுதாபி வேலைக்கு ஏஜென்ட் 1,20,000 ரூபாய் கேட்கிறார். முதலில் விசிட் விசாவில் போகலாம், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். கொடுக்கலாமா?
— வாசகர், தாராவி

பதில்: கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற முகவர் சட்டப்படி வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், அதாவது 35,400. பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில், குடிபெயர அனுமதி தேவை என்னும் ஈ.சி.ஆர். குறிப்பு இருக்கும், அவர் அமீரகத்துக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். விசிட் விசா என்பது அந்த அனுமதியிலிருந்து நழுவும் வழி. அப்படிப் போனவருக்குச் சம்பளம் நின்றால் கையில் ஒப்பந்தம் இருக்காது, காப்பீடும் இருக்காது. முறையாகப் போகிறவருக்குப் பிரவாசி பாரதீய பீமா யோஜனாவில் 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய்தான். ஏஜென்டின் உரிம எண்ணைக் கேட்டு அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். எண் கேட்டவுடன் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பாதுகாவலர் அலுவலகம் மும்பையிலேயே இருக்கிறது.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் மகன் மாதம் 40,000 ரூபாய் எனக்கு அனுப்புகிறான். வரி கட்ட வேண்டுமா?
— வாசகர், மாட்டுங்கா

பதில்: மகன் தந்தைக்குத் தரும் பணத்துக்கு வரியில்லை. அதை நீங்கள் வைப்பில் போட்டால் வரும் வட்டி உங்கள் வருமானம். செலவுக்கு வேண்டியதை மட்டும் உங்களுக்கு அனுப்பிவிட்டு, மீதியைத் தன் என்.ஆர்.இ. கணக்கிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த வட்டிக்கு இங்கே வரி இல்லை.

கேள்வி: மகளும் மருமகனும் குடும்பத்தோடு தோஹா போகிறார்கள். கல்யாண நகைகளை எடுத்துப் போகலாமா, திரும்பிக் கொண்டுவரும்போது சுங்கத்தில் பிடிப்பார்களா?
— வாசகி, டோம்பிவிலி

பதில்: போகும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட்டால், திரும்பும்போது இது இங்கிருந்து போன நகைதான் என்று காட்டலாம். அதற்கு எடையும் விவரமும் உள்ள மதிப்பீட்டாளர் சான்று, இருந்தால் பழைய ரசீது, ஒவ்வொரு நகையின் புகைப்படம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்பதால் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பட்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால், தாலிச் சங்கிலியும் அன்றாடம் போடும் வளையலும் தோடும் போக மற்றதை டோம்பிவிலியில் லாக்கரிலேயே வைப்பேன். லாக்கர் மகள் பெயரில் மட்டும் இருந்தால், அவர் கிளம்பும் முன் உங்கள் பெயரையும் இணைத்து, சாவி எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டுப் போகட்டும்.